மோதிய காரை நாமே சரிசெய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, விபத்துக்குப் பிந்தைய பழுதுபார்ப்பைப் பற்றியவை. முதல் கடிதத்தில் உள்ள குழப்பம் பலருக்கும் பொதுவானது என்பதால் அதற்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஐயா, என்னுடையது 1200 சிசி பெட்ரோல் கார். வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்து ஐந்தாம் ஆண்டு நடக்கிறது. சென்ற வாரம் சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும், முன்னால் சென்ற சரக்கு வேன் திடீரென நின்றதால், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அதன் பின்புறத்தில் மோதிவிட்டேன். யாருக்கும் காயமில்லை, வேனுக்கும் சேதமில்லை. ஏர்பேக் விரியவில்லை. பம்பர் இடப்பக்கம் கிழிந்திருக்கிறது; இடது ஹெட்லைட்டின் பிடிமானக் காது உடைந்து விளக்கு ஆடுகிறது; பானட் மூடுகிறது, ஆனால் இடப்பக்க இடைவெளி சற்றுக் குறைந்தாற்போலத் தெரிகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 48,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். எங்கள் பகுதி டிங்கர் 14,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஓரளவு கைவேலை தெரிந்த என் மைத்துனரோ, பழைய பம்பர் ஒன்றை வாங்கினால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே வேலையை முடித்துவிடலாம் என்கிறார். முழு இன்சூரன்ஸ் உண்டு. இதுவரை ஒருமுறையும் இழப்பீடு கோரியதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தாங்கள் ஒப்பிடும் மூன்று தொகைகளும் ஒரே வேலைக்கான விலைகள் அல்ல என்பதை முதலில் கவனியுங்கள். சர்வீஸ் சென்டர், அடிபட்டிருக்கக்கூடிய பாகங்கள் அனைத்தையும் மாற்றுவதாகக் கருதிக் கணக்கிட்டிருக்கிறது. டிங்கர், வெளியில் நின்று பார்த்து, தட்டி நிமிர்த்திப் பூசுவதற்கான தொகையைச் சொல்லியிருக்கிறார். மைத்துனர் பம்பரை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார். மூவரில் ஒருவரும் இதுவரை பம்பரைக் கழற்றிப் பார்க்கவில்லை. கழற்றிப் பார்க்கும்வரை இந்த மூன்றும் ஊகங்களே.

பம்பர் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் முகமூடிதான். அது மோதலில் உள்வாங்கி, வேன் விலகியதும் மீண்டும் வெளியே வந்து, ஒரு கிழிசலோடு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். அதற்குப் பின்னால் அதிர்ச்சியைத் தாங்கும் நுரைப் பட்டை ஒன்றும், அதன் பின்னால் உலோகக் குறுக்குச் சட்டம் ஒன்றும், அந்தச் சட்டத்தை இருபுறமும் தாங்கும் இரண்டு சிறிய உலோகப் பெட்டிகளும் இருக்கும். மோதலின் விசையைத் தாமே நசுங்கி வாங்கிக்கொள்வதற்காகவே அந்தப் பெட்டிகள் செய்யப்படுகின்றன. அவற்றுக்குப் பின்னால் காரின் நீள்வாட்டுச் சட்டங்கள் தொடங்குகின்றன. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லாரியைப் போலத் தனியாக ஒரு சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். ஆகவே முன்னால் பட்ட அடி எங்கே நின்றது என்பதைப் பம்பரின் தோற்றத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

தங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது பானட் இடைவெளி பற்றிய அந்த அரை வரிதான். சரக்கு வேனின் பின்புறம் உயரமானது. அதில் மோதும் காரின் குறுக்குச் சட்டம் வேனின் அடியில் புகுந்துவிட, அதற்கு மேலே உள்ள ஹெட்லைட்டும், ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டமும், பானட்டின் விளிம்பும் அடியை வாங்குவது வழக்கம். பானட்டின் பூட்டு அந்த முன்சட்டத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. சட்டம் சில மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தாலும், மூடியதுபோல் தெரியும் பானட் பூட்டில் முழுமையாக விழாமல் இரண்டாம் கொக்கியில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அது நெடுஞ்சாலை வேகத்தில் திறந்து கண்ணாடியை மறைத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இது உறுதியாகும்வரை காரை நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடைவெளி உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை இன்றே வீட்டு வாசலில் நீங்களே பார்க்கலாம். விசிட்டிங் கார்டுகள் சிலவற்றை அடுக்கி, பானட்டுக்கும், முன்சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடான ஃபெண்டருக்கும் இடையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செருகுங்கள். வலப்பக்கம் எத்தனை கார்டுகள் புகுகின்றன, இடப்பக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். இதையே பானட்டின் முன்முனை, நடு, கண்ணாடியை ஒட்டிய முனை என மூன்று இடங்களில் செய்யுங்கள். மூன்று இடங்களிலும் இருபுறமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்தால் நல்லது. முன்னால் குறைந்து பின்னால் கூடியிருந்தால் பானட்டோ ஃபெண்டரோ நகர்ந்திருக்கிறது. அடுத்து, பானட்டைத் திறந்து, வலப்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலிருந்து இடப்பக்க முன்மூலையில் உள்ள ஒரு போல்ட் வரையிலும், பிறகு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்க மூலையின் அதே போல்ட் வரையிலும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், உடலை இழுத்து அளந்து நிமிர்த்தும் இயந்திரம் உள்ள பட்டறைக்கே கார் போக வேண்டும். அப்போது மைத்துனரின் யோசனையையும் 14,000 ரூபாயையும் மறந்துவிடலாம்.

ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு வாரம் ஆகிவிட்டது. இனியும் தாமதம் வேண்டாம். காரை நான்கு புறமும், நம்பர் பிளேட் தெரியும்படியும், அடிபட்ட இடத்தை அருகிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் பாகங்களைக் கழற்றிவிட்டால், எந்தச் சேதம் விபத்தில் நேர்ந்தது, எது கழற்றும்போது நேர்ந்தது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு நம்மிடம் ஆதாரம் இருக்காது. தகவல் சொன்னாலே, கிளெய்ம் (இழப்பீடு) கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான போனஸ் போய்விடும் என்று பலர் அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார்கள். இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டால்தான் அது போகிறது. சர்வே முடிந்தபின் கிளெய்ம் வேண்டாம் என்று முடிவு செய்தால் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டு, போனஸ் தொடர்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பணக் கணக்கு. நான்கு ஆண்டுகள் கிளெய்ம் இல்லாததால் தங்களுக்கு இப்போது 45 சதவீத போனஸ் இருக்கும். அடுத்த புதுப்பித்தலில் அது 50 ஆகும். காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் போனஸ் கழிக்கும் முன் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் இல்லாவிட்டால் இனி ஆண்டுக்கு 5,000 ரூபாய் கட்டுவீர்கள். கிளெய்ம் வாங்கினால் போனஸ் பூஜ்யத்துக்கு வந்து, பின் 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறும். அதாவது 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 என்று கட்டுவீர்கள். ஐந்து ஆண்டுகளில் கூடுதல் செலவு 12,500 ரூபாய். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறையும்.

அடுத்து, 48,000 ரூபாயும் கைக்கு வந்துவிடாது. தேய்மானத்தைக் கழிக்கும் சாதாரண பாலிசியில், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், நான்கிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் உள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 35 சதவீதமும் கழிப்பது வழக்கம். கண்ணாடிக்குக் கழிவில்லை. பெயின்ட்டிங்குக்கு ஒரே தொகையாகப் பில் போட்டிருந்தால், அதில் கால் பங்கைப் பொருட்செலவாகக் கொண்டு, அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிப்பார்கள். தங்கள் எஸ்டிமேட்டில் பிளாஸ்டிக் 16,000, உலோகம் 10,000, பெயின்ட்டிங் 10,000, கூலி 12,000 என்று இருக்குமானால், கிடைப்பது முறையே 8,000, 6,500, 8,750, 12,000. இதன் மொத்தம் 35,250 ரூபாய். 1500 சிசி வரையிலான கார்களுக்கு வழக்கமாக உள்ள கட்டாயக் கழிவு, அதாவது நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாயும் போக 34,250 ரூபாய் வரும். கையிலிருந்து 13,750 ரூபாய், போனஸ் இழப்பு 12,500 ரூபாய், ஆக மொத்தம் 26,250 ரூபாய் தங்கள் செலவு. தேய்மானம் கழிக்காத பாலிசியாக இருந்தால் இதுவே ஏறக்குறைய 13,500 ரூபாயில் நின்றுவிடும். அப்படியானால் டிங்கரின் தொகைக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை, புதிய பாகங்கள் மட்டும் மிச்சம். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பிரிவு தங்கள் பாலிசியில் இருந்தால் கணக்கு இன்னும் சாதகமாகும். பாலிசிக் காகிதத்தை எடுத்து இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

தேய்மானம் கழிக்கும் பாலிசிதான் என்றால், உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியாகும் பட்சத்தில், கிளெய்மை விட்டுவிட்டு வெளிப் பட்டறையிலோ வீட்டிலோ வேலையை முடிப்பது லாபம்தான். அந்த ‘பட்சத்தில்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே சர்வேயர் வரும் நாளில், அவர் முன்னிலையில் பம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்களும் உடன் நில்லுங்கள். உலோகப் பெட்டிகள் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா, அவற்றின் மடிப்புகளில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா, நீள்வாட்டுச் சட்டங்களின் முனையில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, ஏசி கண்டென்சரிலோ ரேடியேட்டரிலோ எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் தெரிகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்துகொண்டிருக்கும் காரைத் தொடர்ந்து ஓட்டி, இன்ஜின் சூடேறிப் பழுதானால், அது விபத்தின் நேரடிச் சேதம் அல்ல என்று கூறி இன்சூரன்ஸ் அதற்குப் பணம் தராது.

நான் பட்டறை நடத்திய காலத்தில் வந்த ஒரு காரை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பக்கம் பளபளப்பாக இருந்த பழைய கார். வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. இடது முன்டயரின் உட்பக்கம் மட்டும் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. எத்தனை முறை வீல் அலைன்மென்ட் செய்தாலும் நிற்கவில்லை என்று உரிமையாளர் வருந்தினார். பம்பரைக் கழற்றினோம். நுரைப் பட்டையே இல்லை; அது இருந்த இடத்தில் ஒட்டடை படிந்திருந்தது. நசுங்கிய உலோகப் பெட்டியைக் கேஸ் வெல்டிங்கில் பழுக்கக் காய்ச்சி, சங்கிலி போட்டு இழுத்திருந்தார்கள். சங்கிலியின் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது, அதைச் சுற்றி உலோகம் நீலம் பாய்ந்திருந்தது. நசுங்குவதற்காகச் செய்யப்பட்ட ஒரு பாகம், காய்ச்சி நிமிர்த்தியபின் தன் வேலையைச் செய்யாது. ஒன்று மிக எளிதாக மடங்கிவிடும், இல்லையேல் மடங்காமல் விசையைப் பின்னால் தள்ளிவிடும். அந்தக் காரில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் தினமும் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, அந்தப் பெட்டிகள் நசுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்தக் கூடாது என்பதை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அதிக வலிமையுள்ள எஃகில் செய்த பாகங்கள் எதற்குமே இது பொருந்தும். கதவுகளுக்கு நடுவே உள்ள தூண் போன்ற இடங்களில் பயன்படும் சில எஃகு வகைகள் சாதாரணத் தகட்டைப் போலப் பல மடங்கு வலிமை கொண்டவை, அந்த வலிமை சூட்டில் போய்விடும்.

ஏர்பேக் விரியவில்லை என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். வேகம் எவ்வளவு திடீரெனக் குறைந்தது என்பதைப் பொறுத்தே அது விரியும். ஆனால் அதன் முன்பக்க உணரி (சென்சார்) பல கார்களில் ரேடியேட்டர் சட்டத்திலோ அதன் அருகிலோ இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும் எரியவே எரியாவிட்டாலும் கோளாறு. ஏர்பேக்கின் மஞ்சள் நிற இணைப்பிகளையும் அவற்றின் வயர்களையும் மைத்துனர் தொடவே கூடாது. மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவும் கூடாது. அன்று அணிந்திருந்த சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, இழை பிரிந்திருக்கிறதா, துணி அலையலையாக இழுபட்டிருக்கிறதா, சட்டென இழுத்தால் பூட்டுகிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், மைத்துனருக்கு உரிய வேலை நிறைய இருக்கிறது, அதைச் செய்வதில் மகிழ்ச்சியும் இருக்கிறது. பழைய பம்பரை வாங்கி மாற்றுவது இரண்டு பேர் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தங்கள் காரின் நிறத்திலேயே கிடைத்தால் பெயின்ட் செலவும் இல்லை. கிளிப்புகளை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய கிளிப் ஒன்று விட்டுப்போனால் பம்பரின் ஓரம் காற்றில் படபடக்கும். கிழிந்த பம்பரையே ஒட்ட விரும்பினால், அதன் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் வகை அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீன், அதில் சாதாரணப் பசை நிற்காது, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். ஹெட்லைட் காதுக்கும் இதே முறைதான். சில மாடல்களுக்குக் காது மட்டும் தனியாகக் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். விளக்கைப் பொருத்தியபின், சமதளத்தில் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, அடிபடாத வலது விளக்கின் ஒளி விழும் உயரத்தைச் சுவரில் குறித்து, இடது விளக்கை அதற்கு இணையாகத் திருகி அமையுங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, நாம் இன்னொருவருக்குச் செய்யும் விபத்து.

பெயின்ட்டை மட்டும் வீட்டில் அடிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். சிறிய கீறலைத் தூரிகையால் தொட்டு நிரப்புவது வேறு. முழு பம்பரைத் துப்பாக்கியால் தெளிப்பது வேறு. இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் இன்றைய மேற்பூச்சில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சைத் திணறடிக்கும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. எத்தனையோ பெயின்டர்கள் இருமிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக் கார் ஷெட்டில், பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கும்போது செய்யத்தக்க வேலை இது அன்று.

டிங்கரைப் பற்றித் தாங்கள் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். சுத்தியலையும், தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியையும் கொண்டு ஒரு ஃபெண்டரை அரை மணி நேரத்தில், பள்ளத்தை நிரப்பும் பட்டியே தேவைப்படாத அளவுக்குச் சமன் செய்யும் கைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கின்றன; கம்பெனி சென்டர்களில் பல நேரங்களில் பாகத்தை மாற்றத்தான் தெரியும். வெளிப் பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் தொழில்நுட்பத் தகவல்களும் கிடைக்காதபடி செய்ததற்காக, 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீடுகளுக்குப் போனாலும், வெளிப் பட்டறை என்றாலே தரக்குறைவு என்று எண்ண வேண்டியதில்லை என்பதை அந்த உத்தரவு பலருக்குப் புரியவைத்தது. தங்கள் டிங்கரிடம் மூன்றைக் கேளுங்கள்: உள்ளே உலோகப் பெட்டி நசுங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்? நுரைப் பட்டையைப் புதிதாகப் போடுவீர்களா? வேலை முடிந்ததும் அலைன்மென்ட் அளவுத் தாளைத் தருவீர்களா? முதல் கேள்விக்கு ‘இழுத்துடலாம் சார்’ என்று பதில் வந்தால், மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை.

ஆக, தங்கள் விஷயத்தில் என் முடிவு: பானட் இடைவெளியும் மூலைவிட்டமும் சரியாக வந்து, பம்பருக்குப் பின்னால் எதுவும் மடங்காமல் இருந்தால், பம்பரும் விளக்கும் மைத்துனரிடம், ஃபெண்டர் தட்டலும் பெயின்ட்டும் டிங்கரிடம். ஏதேனும் ஒன்று மடங்கியிருந்தாலும் கிளெய்ம் போட்டு, இழுவை இயந்திரம் உள்ள இடத்தில் விடுங்கள். 26,250 ரூபாயானாலும் அங்கேதான்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): கடைவீதியில் நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டுப் போனதில் எங்கள் காரின் பின்கதவில் உள்ளங்கை அளவு குழி விழுந்திருக்கிறது. பெயின்ட் உரியவில்லை. கொதிநீர் ஊற்றி இழுத்தால் வந்துவிடும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கொதிநீர் பிளாஸ்டிக் பம்பருக்கு உதவும், சூட்டில் இளகி, உட்பக்கத்திலிருந்து கையால் தள்ளினால் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். தங்கள் கதவு உலோகத் தகடு. அதில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் பயனில்லை, கை சுடுவதுதான் மிச்சம். பெயின்ட் உரியாத குழியை, கதவின் உட்புறத்திலிருந்து கம்பிகளால் சிறிது சிறிதாக அழுத்தி, பட்டியும் பெயின்ட்டும் இல்லாமல் எடுத்துவிடும் கைத்தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே நிற்பதால் இதுவே மிகச் சிறந்த வழி. குழி கதவின் விளிம்பிலோ மடிப்புக் கோட்டிலோ இருந்தால் மட்டும் இது கடினம்.

ஒன்றைக் கவனியுங்கள். குழியின் ஓரத்தில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் பெயின்ட்டில் வெடிப்பு இருக்கிறது. தூத்துக்குடியின் உப்புக் காற்றில் அந்த வெடிப்பு வழியே துரு உள்ளே பரவ அதிக நாள் ஆகாது. அப்படியானால் குழியை எடுப்பதற்குக் காத்திராமல், அந்த இடத்தை இன்றே துடைத்து உலரவைத்து, தங்கள் காரின் நிற எண்ணுக்குரிய டச்-அப் பெயின்ட்டைத் தொட்டு வையுங்கள். இதற்காகக் கிளெய்ம் போட வேண்டாம். போனஸ் இழப்பு செலவைவிட அதிகமாகிவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): என் மின்சாரக் காரின் அடிப்பகுதி, சாலை நடுவே கிடந்த சிமென்ட் கல்லில் பலமாக இடித்தது. டேஷ்போர்டில் எச்சரிக்கை எதுவும் இல்லை. கார் நன்றாகவே ஓடுகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி நானே அடியில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தங்கள் காரின் பேட்டரி அடித்தளம் முழுவதும் பரவியிருக்கிறது. அதன் மின்னழுத்தம் சில நூறு வோல்ட். ஆரஞ்சு நிறக் கேபிள் எதுவும் தெரிந்தால் அருகில் கையே போகக் கூடாது. ஜாக்கியைப் பேட்டரிப் பெட்டியில் வைத்துவிட்டால் சேதம் இரட்டிப்பாகும். பெட்ரோல் காராக இருந்தாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கீழே தாங்குகட்டை இல்லாமல் போன உயிர்கள் உண்டு.

இடிபட்ட பேட்டரியின் செல்கள் உடனே காட்டிக்கொடுக்காமல், மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்துச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பரிசோதனை முடியும்வரை காரை வீட்டுக்குள்ளோ அடித்தளப் பார்க்கிங்கிலோ நிறுத்தாமல் திறந்தவெளியில் தனியாக நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள். இனிப்பு கலந்த ரசாயன வாடையோ, புகையோ, ‘புஸ்’ என்ற சத்தமோ வந்தால் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பேட்டரிப் பெட்டியின் சேதத்துக்குத் தங்கள் பாலிசி எவ்வளவு தருகிறது என்பதையும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை.

கேள்வி (மதுரை வாசகி): என் தம்பி ஒரு பழைய கார் வாங்கப் போகிறான். விற்பவர், ‘சின்ன அடிதான் பட்டது, வீட்டிலேயே சரிசெய்துவிட்டோம்’ என்கிறார். ஏர்பேக் விரிந்ததா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பதில் சொல்லாததே பாதிப் பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஆகவே அதற்குப் பின் தயாரான காரில் ஏர்பேக் இருந்தே ஆக வேண்டும். அது விரிந்தபின் முறையாகச் சரிசெய்வதற்குப் பையும், கட்டுப்பாட்டுப் பெட்டியும், விபத்தில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பும் மாற்றப்பட வேண்டியிருக்கும், செலவு அதிகம். அதைத் தவிர்க்க, பையின் இணைப்பில் சிறிய மின்தடை ஒன்றைச் செருகி, எச்சரிக்கை விளக்கு அணையும்படி செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங் மூடி அழகாக ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே ஒன்றும் இராது. அடுத்த மோதலில் ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் எதுவுமே இருக்காது. இதைத் தெரிந்தே செய்பவரை நான் தொழிலாளி என்று அழைக்க மாட்டேன்.

தம்பியிடம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் நடு மூடியின் நிறமும் சொரசொரப்பும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்திருக்கிறதா. டேஷ்போர்டின் பயணி பக்கத்தில் ரெக்சின் ஒட்டிய ஓரம் தெரிகிறதா. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அடியில் உள்ள துணி லேபிளின் தயாரிப்பு ஆண்டு காரின் ஆண்டோடு பொருந்துகிறதா. பெல்ட் உள்ளே சுருள மறுத்துப் பாதியில் நிற்கிறதா. பெயின்ட் கனத்தை அளக்கும் கருவியுள்ள ஒருவரை அழைத்துப் போக முடிந்தால், கம்பெனிப் பூச்சு பொதுவாக நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரான் வரை காட்டும். ஒரு இடத்தில் மட்டும் பல நூறு மைக்ரான் காட்டினால் அங்கே பட்டி இருக்கிறது. கடைசியாக, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏர்பேக் அமைப்பை மட்டும் ஸ்கேன் செய்து, பையையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்து அறிக்கை வாங்க வேண்டும் என்றும், செலவைத் தாமே ஏற்பதாகவும் தம்பி விற்பவரிடம் சொல்லட்டும்.

அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் முன்பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள். மதுரையில் பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை.